பாறைக்கு முதுகைக் காட்டியவர்

உலகத்துப் பாறைகளையெல்லாம் நேரில் பார்க்காமலே தோற்கடித்த ஒரே மனிதர் எங்கள் மஞ்சுக்காரர்தான். மலைமேல் மூடுபனியை மஞ்சு என்போம். கொடைக்கானல் தூண் பாறையை மஞ்சு மூடியிருந்தாலும் விடாமல் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிற கைடு என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

பாறைக்கு முதுகைக் காட்டி, வந்தவர்களைப் பார்த்தபடிதான் நிற்பார். "பாறைய நீங்க பாருங்க. ஒங்க மூஞ்சிய நான் பாக்குறேன். அதுலயே எல்லாம் தெரிஞ்சுரும்" என்பார். தலையை ஆட்டியவர் பாஸ். வாயைப் பிளந்தவர் முதல் வகுப்பு. "இங்க காபி எங்க கெடைக்கும்?" என்று கேட்டவரை மனிதராகவே சேர்த்துக்கொள்ள மாட்டார்.

ஒரு சீசனில் மதராஸ் வக்கீல் ஒருவர், பத்திரிகையில் வந்த அயல்நாட்டுப் படங்களை அவரிடம் விரித்துக் காட்டினார். அமெரிக்காவின் பெரிய பள்ளத்தாக்கைப் பார்த்து மஞ்சுக்காரர், "வாய்க்கா நல்லா அரிச்சிருக்குங்க. கரை கட்டாம விட்டுட்டாங்க" என்றார். இங்கிலாந்துக் கடலோரத்து வெள்ளைப் பாறைக்கு, "சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க. உள்ள என்ன கொறையோ!" ஆஸ்திரேலியாவின் செம்பாறைக்கு, "படுத்துல்ல கெடக்கு? பாவம், முடியல போல." வக்கீல் கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நான் வேலை பார்த்த லாட்ஜுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அந்த மூன்றையும் நேரிலேயே பார்த்தவர். இனி எந்தப் பாறையும் தன்னை அசைக்காது என்று அவர் சொன்னது டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. மஞ்சுக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு அந்த ஆளு வாயப் பொளக்கலேன்னா, இந்தச் சோலிய விட்டுட்டுப் பழனிக்கு எறங்கிப் பஞ்சாமிர்தத்துக்கு வாழப்பழம் உரிக்கப் போறேன். நீங்கல்லாம் சாட்சி."

சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை. அதுதான் எங்களுக்குக் கவலை.

மறுநாள் வெள்ளனே போனோம். மொழிபெயர்க்க நான். தூண் பாறை இருந்த இடத்தில், வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல மஞ்சு. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையின் உயரம், அகலம், குணம் எல்லாம் சொன்னார் மஞ்சுக்காரர். வெள்ளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். பல்லில் கடித்திருந்த புகையிலைப் பைப் நழுவி, கம்பி வேலியைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போய்விட்டது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"வெலகிருச்சு! மஞ்சு வெலகிருச்சு! பாத்தியா தம்பி, பைப்பே விழுந்துருச்சு!"

மஞ்சுக்காரர் கண்ணில் தண்ணீர். பின்னால் மஞ்சு இம்மியும் விலகவில்லை. அவர் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

"இவர் ஏன் அழுகிறார்?" என்று வெள்ளைக்காரர் என்னைக் கேட்டார். பழனி, வாழைப்பழம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பள்ளத்தின் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டு மஞ்சுக்காரரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்" என்றார்.

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அதற்கப்புறம் நானும் எங்கேயும் பார்க்கவில்லை.