மர்டோவின் நாய்

மனிதகுலம் இதுவரை வடித்த சரக்குகளிலேயே உன்னதமானது பாரம்பரியம். ஸ்காட்லாந்தின் க்ளென் ஃபெர்ரிக் வடிசாலை அதை இருநூறு ஆண்டுகளாகக் காய்ச்சி வருகிறது. விஸ்கி உபதொழில்தான்.

இருநூறாம் ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்க, எடின்பரோவிலிருந்து 'பாரம்பரிய இயக்குநர்' ஃபினெல்லா அம்மையார் வந்து இறங்கினார். பீப்பாய்க் கிடங்கில் வேலை பார்க்கும் ஆலிக்குக்கு வாய் சும்மா இருக்காது.

"நம்ம மர்டோவோட நாய் இருக்கே மேடம், இருபத்தாறு வருஷமா தெனம் கிடங்குக்கு வருது" என்று உளறிவிட்டான்.

அம்மையாருக்குப் புல்லரித்தது. கம்பெனியின் விலையுயர்ந்த விஸ்கிக்கே வயது இருபத்தைந்துதான்! கிடங்கின் பழைய தொழிலாளி மர்டோவை வாசலுக்கு அழைத்தார்கள்.

மர்டோ ஒரு காலை மடக்காமல் நடந்து வந்தார். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும். நேற்றுத்தான் அவர் மனைவி ஷீனா அதில் புதுத் திரைச்சீலை மாட்டியிருந்தாள்.

"என்ன ஜாதி நாய்?"

"செம்பு ஜாதி மேடம்."

"அட, செம்பட்டையா! கடிக்குமா?"

"கடிக்காது. குடிக்கும்."

"பாவம், ஒழுங்கா தண்ணி வைக்கிறீங்களா?"

"அது வளர்ந்ததே தண்ணியிலதான் மேடம்."

"குட்டி போட்டிருக்கா?"

"ஆலிக்கிட்ட ஒண்ணு இருக்கு."

ஆலிக்கை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் காணவில்லை.

"கூப்பிடுங்க, இப்பவே வரட்டும்!" என்றார் அம்மையார். கேமரா தயாராக நின்றது.

வேறு வழியில்லை. மர்டோ கால்சட்டைக்குள் கையை விட்டு, தொடையோடு கட்டியிருந்த செப்புக் குழாயை உருவினார். அடிப்பக்கம் ஒரு காசை வைத்துப் பற்றவைத்து அடைத்தது. பீப்பாயில் இறக்கினால் யாருக்கும் தெரியாமல் சில மடக்கு விஸ்கி ஏறும். எசமானை விட்டுப் பிரியாது என்பதால் தொழிலாளர்கள் அதை 'நாய்' என்பார்கள்.

அம்மையாருக்கும் மேலாளருக்கும் உயர்மட்ட ஆலோசனை அங்கேயே, நின்றபடி, ஒரு நிமிடத்தில் நடந்து முடிந்தது.

"அற்புதம்! இது நம்ம அருங்காட்சியகத்துக்கு. கண்ணாடிப் பெட்டி, வெல்வெட் மெத்தை எல்லாம் போட்டுடலாம். நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க."

சொல்லிவிட்டு அம்மையார் வெண்கலச் சிலை ஒன்றின் அடியில் நின்று, கேமராவைப் பார்த்துத் தழுதழுத்தார்: "இவர்தான் எங்கள் நிறுவனர். வரி அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி, சவப்பெட்டிக்குள் சாராயம் கடத்திய தீரர்..."

"மேடம்" என்று குறுக்கே வந்தார் மர்டோ. "நான் எடுத்தது மடக்குக் கணக்கு. அவரு பண்ணது பெட்டிக் கணக்கு. அவருக்குச் சிலை, எனக்குக் கல்தாவா?"

அம்மையார் அவர் தோளைக் கனிவோடு தட்டிக்கொடுத்தார்.

"அவர் திருட்டு இருநூறு வருஷம் ஊறினது மர்டோ. உங்களுது இன்னும் பச்சைச் சாராயம்!"