சிவப்புக் கோடு போட்ட நட்டு

ராஜாமணிக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைவிடத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான் ஜாஸ்தி. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். போன மழையில் சுவர் ஓதம் காத்தபோது, போனில் "வீட்டுக்குள்ள தண்ணி வருது" என்று சொல்லிவிட்டாள். குடிநீர்ப் பிரிவிலிருந்து ஆள் வந்து குழாயைத் திறந்து பார்த்து, தண்ணீர் நன்றாகவே வருகிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆகவே இந்த முறை அடுப்படிச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினாள். சிதம்பரத்தில் அவர்கள் இருந்தது வீட்டுவசதி வாரியத்து வாடகைக் குடியிருப்பு. வெஸ்டர்ன் டாய்லெட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டில் நட்டு தளர்ந்து, உட்கார்ந்தால் இடது பக்கம் சாய்ந்தது. அவளுடைய வலது முழங்காலுக்குள் தகடு இருக்கிறது. இன்னொரு தடவை விழுந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஸ்கூட்டர் ஸ்பேனரால் ரெண்டு திருகு திருகினால் முடிகிற வேலை. ஆனால் அவள் வீட்டுக்காரர் சுப்புராயன் ஆயுள் முழுக்க அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டி ஓய்வு பெற்றவர். வாரியத்துச் சொத்தில் குடியிருப்போர் கை வைத்தால் அது சேதப்படுத்திய கணக்கு என்று தடுத்துவிட்டார்.

புகாரை ஏற்று உதவிப் பொறியாளர் தட்சிணாமூர்த்தி நேரில் எழுந்தருளினார். கூட வந்த ஃபிட்டர் பொன்னுரங்கம் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் குனிந்தார்.

"இருப்பா," என்றார் பொறியாளர்.

பிறகு பொறுமையாக விளக்கினார். போல்ட்டின் கீழ்ப்பாதி தரைக்குள் இருக்கிறது. தரை கட்டடப் பிரிவைச் சேர்ந்தது. மேல்பாதி பீங்கானுக்குள் இருக்கிறது. பீங்கான் சுகாதாரப் பிரிவு. நட்டோ இரண்டுக்கும் எல்லையில் நிற்கிறது. எந்தப் பிரிவு திருகினாலும் மற்றதன் அதிகாரத்தில் தலையிட்டதாகிவிடும். கடலூரிலிருந்து இரு பிரிவும் சேர்ந்து வந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை நிலைமை மாறாமல் இருக்க, நட்டின் மேல் தொடங்கித் தரை வரைக்கும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார்.

"கோடு விலகுச்சுன்னா யாரோ திருகியிருக்காங்கன்னு அர்த்தம். வீட்டு ஒதுக்கீடே ரத்தாயிடும்."

"அதுவரைக்கும் நான் எப்படி சார் உக்கார்றது?"

தட்சிணாமூர்த்தி உண்மையாகவே யோசித்தார். "பாத்து உக்காருங்கம்மா," என்றார்.

ராஜாமணி பார்த்து உட்கார்ந்தாள். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் சாய்ந்து உட்காரப் பழகினாள். பழக்கம் அவளை விடவில்லை. பரங்கிப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலும் அப்படியே சாய்ந்திருந்தாள். சுளுக்கா என்று நாலு பேர் கேட்டார்கள். கூட வந்திருந்த மாடிவீட்டுத் தங்கம்மாள், பேரன் பேத்தி எடுத்தவள், பளபளவென்று சிவப்பு நெயில் பாலிஷ் போட்ட கையால் அவள் தோளைத் தடவிவிட்டாள். இப்போதெல்லாம் குடியிருப்பில் எல்லாப் பெண்களும் இதே சிவப்பில்தான் திரிந்தார்கள். இந்த வயதில் என்ன மினுக்கு என்று ராஜாமணி மனசுக்குள் நொடித்துக்கொண்டாள்.

கடலூர்க் குழு ஒருவழியாக வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கதிரவன், கழிப்பறைக் கதவுக்கு மேல் 'மாபெரும் கூட்டாய்வு' என்று பேனர் கட்டியிருந்தார். இரு பிரிவு அதிகாரிகளுக்கும் பொன்னாடை போர்த்தப்பட்டது. படங்கள் உடனே ஸ்டேட்டஸில் ஏறின. அதற்கப்புறம்தான், டாய்லெட் ஆடுகிறதா என்று யாராவது உட்கார்ந்து காட்ட வேண்டும் என்ற யோசனை வந்தது. புகார்தாரர் பெண் என்பதால், பண்பாடு கருதி, கணவர் உட்காரலாம் என்று ஏகமனதாக முடிவானது.

சுப்புராயன் மூடியின் மேல், வேட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டு, தணிக்கைக்கு ஆள் வந்தால் ஆபீஸில் எப்படி உட்காருவாரோ அப்படி விறைப்பாக உட்கார்ந்தார். வாசலில் ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"ஆடலைல்ல?" என்று கேட்டார் மூத்த அதிகாரி.

"ஆடலை சார்," என்றார் சுப்புராயன்.

அவர் கால் விரல்கள் தரையை இறுக்கிப் பிடித்திருந்ததை ராஜாமணி மட்டும் பார்த்தாள்.

ஜீப் தெருமுனை திரும்புவதற்குள், தங்கள் குறை நிவர்த்தி செய்யப்பட்டது என்று போனில் செய்தி வந்துவிட்டது. கோட்டை மட்டும் அழிக்கக் கூடாதாம். கோடு ஆய்வுக்கு உட்பட்டதாம்.

"ஏங்க, ஆடுச்சா இல்லியா?"

"ஆடுச்சுதான்," என்றார் அவர், பொன்னாடையை மடித்துக்கொண்டே. கதிரவன் கையில் ஒன்று மிஞ்சியிருந்ததால் அவருக்கும் போர்த்தியிருந்தார்கள். "அவுரு ஆடலைல்லன்னு கேக்குறாரு. நான் எப்படி மாத்திச் சொல்றது?"

மறுநாள் காலை அவர் வடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனதும், ராஜாமணி ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தாள். ஸ்பேனரை எடுத்தாள். ரெண்டே திருகு. உட்கார்ந்து பார்த்தாள், பாறை மாதிரி இருந்தது. ஆனால் கோடு இரண்டாகிவிட்டது. தரையில் இருந்த பாதி அங்கேயே நிற்க, நட்டின் மேல் இருந்த பாதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நட்டின் மேலிருந்த பெயிண்டைச் சுரண்டி, ஒரு துணுக்கைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, மேலவீதி ஃபேன்சி ஸ்டோருக்குப் போனாள். பெயிண்ட் கடைக்குப் போனால் எதுக்கு என்று கேட்பார்கள். கடைக்கார இளமதியிடம் என்னவென்று சொல்வது, எப்படித் தொடங்குவது என்று மறுபடி அதே பயம். காகிதத்தை முழுக்கப் பிரிப்பதற்குள் இளமதியே கேட்டாள்.

"வாரியத்து வீடாக்கா?"

கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. அச்சு அசல் அதே சிவப்பு.

"தண்ணி பட்டாலும் போவாது. மேல ஒரு தடவ, காஞ்சப்புறம் ஒரு தடவ இழுங்க. இன்ஜினியர் வீட்டம்மா நேத்துதான் வாங்கிட்டுப் போனாங்க. அவுங்க சமையக்கட்டுக் குழாயிலயும் கோடு இருக்காம்."

"எங்க இன்ஜினியரா?"

"தட்சிணாமூர்த்தி சார் வீட்டம்மாதான். அப்பறம் கைலயும் போட்டுக்குங்கக்கா. இல்லாட்டி பாட்டில் எதுக்குன்னு கேப்பாங்க. எல்லாரும் அப்படித்தான் போட்டுக்குறாங்க."

ராஜாமணி வீட்டுக்கு வந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, நட்டிலிருந்து தரைக்குக் கோட்டை நேராக இழுத்தாள். காய்ந்ததும் மேலே இன்னொரு தடவை. பிறகு கதவைத் தாழ்போட்டு, எதையும் பிடிக்காமல், எந்தப் பக்கமும் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, பத்து விரலுக்கும் சிவப்புப் பூசிக்கொண்டாள்.