பழியை ஏற்றுக்கொண்ட கிருமி

என் வாழ்க்கையில் நடந்த எல்லாக் கேவலத்துக்கும் நான் யாரையாவது கைகாட்டித் தப்பித்திருக்கிறேன். ஒரே ஒரு முறை ஒரு கிருமியைக் கைகாட்டினேன். (அது எங்கே வந்து எதிர்த்துப் பேசப்போகிறது என்கிற தைரியம்தான்.)

அப்போது தம்போயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் என்னோடேயே குடியிருந்தன. வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று மூச்சை ஊதவைத்துப் பார்க்க வேண்டும், அதுவரை காஸ்திரிக் மாத்திரையைத் தொடவே கூடாது என்று கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். தொட்டால் சோதனை பொய் சொல்லுமாம். அந்த நேரம் பார்த்துத்தான் சாஆ என்கிற ஊரில் பெண் பார்க்க அழைப்பு வந்தது.

மாலதியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்தே எனக்குக் கால் தரையில் இல்லை. கட்டினால் இவளைத்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். அங்கே வைத்ததைச் சாப்பிடாவிட்டால் மதிக்கவில்லை என்று நினைப்பார்கள் என அம்மா காரிலேயே எச்சரித்தார். நானும் மதித்தேன். வடையை மதித்தேன், கேசரியை மதித்தேன், உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப்பைத் திரும்பத் திரும்ப மதித்தேன்.

மாலதி எதிரே உட்கார்ந்து, என்ன வேலை என்று கேட்டாள். வாயைத் திறந்தேன். பதிலுக்கு முன்னால் ஏப்பம் வந்தது. வாசலில் குரைத்துக்கொண்டிருந்த நாய் நிறுத்திவிட்டது. மாலதியின் அப்பா (செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஊரையே அதட்டியவர்) கோப்பையைக் கீழே வைத்தார்.

“அங்கிள், இது நானில்ல. வயித்துல கிருமி. மருந்து சாப்ட்டா ஏப்பம் நின்னுடும், கேரண்டி லா,” என்றேன். சோதனையே இன்னும் செய்யவில்லை.

மாலதியின் அம்மா என் தட்டை இரண்டே விரலால் தூக்கிக்கொண்டு போனார். அவள் அப்பா நிதானமாகச் சொன்னார்: “சரி தம்பி. ஏப்பம் நின்னதும் வாங்க, பேசலாம்.”

சோதனையில் கிருமி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். (என்னை வேறு டாக்டரிடம் அனுப்பலாமா என்று யோசித்திருப்பார்.) மாத்திரைகளைக் கை நிறைய விழுங்கினேன். வாயெல்லாம் இரும்பை நக்கியது போல ஒரு கசப்பு. சில வாரங்கள் கழித்து மறுபடி ஊதினேன். கிருமி சுத்தமாகப் போயிருந்தது. அந்த நல்ல செய்தியை டாக்டர் சொல்லி முடிக்கும்போதே எனக்கு ஏப்பம் வந்தது.

“கிருமி வேற, ரிஃப்ளக்ஸ் வேற. அது இருந்தா புண்ணு வரும், அதனால கொன்னது நல்லதுதான். ஆனா ஆசிட் மேல ஏறுறதுக்கு அதுதான் காரணம்னு யார் சொன்னா?” என்றார்.

நான்தான் சொன்னேன். சாஆவில், கேரண்டியோடு.

கிருமி போன தைரியத்தில் மறுபடி மாலதி வீட்டுக்குப் போனோம். இந்த முறை எதையும் சாப்பிடாமல், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கிருமி போய்விட்டதா என்று மாலதியின் அப்பா கேட்டார். தலையாட்டினேன். ஏப்பம் நின்றுவிட்டதா என்றார். பயத்திலேயே வந்தது பாருங்கள், போன தடவையைவிட நீளமாக ஒன்று. என் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

மாலதிதான் பேசினாள். “ஏம்ப்பா, சாப்ட்டு முடிச்சு நீங்க விடற ஏப்பத்துக்கு எந்தக் கிருமின்னு நாங்க கேட்டமா?”

மண்டோர் முதல் முறையாகத் தலை குனிந்தார். அடுத்த தையில் கல்யாணம்.

நேற்று என் மகள் கண்ணாடிக் குவளையைப் போட்டு உடைத்தாள். நான் முறைத்ததும் கொஞ்சமும் அசராமல் சொன்னாள்: “இது நானில்லப்பா. கிருமி. கேரண்டி லா.”