வளர்ற பிள்ளைக்கு இரண்டு இஞ்ச்

தூத்துக்குடி,
18.8.2025

மரியாதைக்குரிய மச்சான் ராஜதுரை அவர்களுக்கு, ஆறுமுகநயினார் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் இசக்கிசெல்வி, அவள் ஏறும் குதிரை எல்லாரும் சுகம். சென்னையில் உங்கள் சுகத்துக்கும் முட்டுவலிக்கும் திருச்செந்தூர் முருகன் துணை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்வி எனக்கு முந்திப் படித்துவிடுவாள். அதனால் பார்சலுக்குள் கடிதம்.

லீவுக்கு ஊட்டி கூட்டிப்போய்ப் பிள்ளையைக் குதிரையில் ஏற்றிவிட்ட புண்ணியவான் நீங்கள். இங்கே உப்பளத்துப் பக்கம் குதிரைப் பள்ளிக்கூடம் ஒன்று வந்து, அவளும் சேர்ந்து, நேற்றுப் போட்டியே முடிந்தாச்சு. குதிரையின் பெயர் மகாராஜன். என் அப்பா பெயரும் அதுதான் என்பதால் உங்கள் தங்கை அதை "மாமா" என்றுதான் சொல்லுவாள். "மாமா கொள்ளு தின்னாகளா?" என்று அவள் கேட்கும்போது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

முப்பது வருஷமாகத் துணிக்கடை வைத்திருப்பவன் நான். என் பிள்ளையைப் பார்த்து நாலு பேர் எந்தக் கடைத் துணி என்று கேட்க வேண்டாமா? போட்டிக்கென்று அரக்கு வெல்வெட்டில் ஜரிகை வைத்துக் கோட்டு தைத்தேன். அவளுக்கோ கறுப்புக் கோட்டுதான் வேண்டுமாம். நல்ல காரியத்துக்குக் கறுப்பா மச்சான்? குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் ஏஞ்சலின் டீச்சரிடம் முறையிட்டேன். "அரக்கும் போடலாம், கறுப்பும் போடலாம், ஜரிகை ஆகாது அண்ணாச்சி. மத்தது பிள்ள இஷ்டம்" என்று அவரும் கைகழுவிவிட்டார். கால்சட்டை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும் என்றாள் செல்வி. நான் டெய்லரிடம் ரகசியமாக இரண்டு இஞ்ச் கூட விடச் சொன்னேன். பதினைந்து வயது, வளர்ற பிள்ளை!

என் மனசு நோகக் கூடாதென்று ஒத்திகைக்கு அந்த வெல்வெட் கோட்டு, கால்சட்டை இரண்டையும் போட்டுக்கொண்டு வந்தாள். இறங்கும்போது அந்த இரண்டு இஞ்ச் சேணத்தில் மாட்டி, பிள்ளை பாதியில் தொங்கினாள். பதறி ஓடினேன். கச்சான் காற்றில் என் கஞ்சி போட்ட வேட்டி படபடவென்று விரிய, குதிரை மிரண்டது. நல்லவேளை, கால்சட்டை கிழிந்து செல்வி மண்ணில் விழுந்தாள். அடி ஒன்றுமில்லை. மகாராஜன் உப்புக் குவியல் வரை ஓடித்தான் நின்றது.

"யப்பா, போட்டியன்னைக்கு நீங்க மைதானத்துப் பக்கமே வரக்கூடாது. வந்தா நா ஏற மாட்டேன்" என்றுவிட்டாள்.

ஊரே பார்க்கும், பெத்த அப்பன் பார்க்க முடியாதா? மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் நானே கறுப்புத் துணியைக் கிழித்து, டெய்லரிடம் "அவ சொல்லுத அளவுலயே தையும், ஒரு நூல் கூட விடாதீரும்" என்றேன். செல்வி போட்டுப் பார்த்தாள். "சரி, வாங்க. ஆனா நா எடுத்துத் தாரதத்தான் போடணும்."

சாம்பல் நிறப் பேண்ட்டும் ஒரு கோடு கூட இல்லாத சட்டையும் எடுத்து வைத்தாள். கல்யாண ரிசப்ஷனுக்குப் பிறகு பேண்ட் போட்டவனா நான்? அடுத்தவர் எடுத்த துணிக்குள் நாள் முழுக்க நிற்கிற கஷ்டம் ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்குப் பதினைந்து வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

கறுப்புக் கோட்டில் அவள் வந்தாள் மச்சான். எட்டுத் தடையையும் தாண்டி மூன்றாம் இடம். ஒருவரும் எந்தக் கடை என்று கேட்கவில்லை. எனக்கும் அந்த நினைப்பே வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

"ஏளா, கோட்டு உனக்கு ரொம்ப நல்லாருக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யப்பா, பேண்ட்டு இடுப்புல லூசோ?"

"ரெண்டு இஞ்ச் கூட இருக்கு தாயி."

"இருக்கட்டும். வளர்ற வயிறுல்லா!"

ஆகவே, இனி யார் உடுப்பிலும் தலையிடுவதில்லை என்று மைதானத்திலேயே சத்தியம் செய்துவிட்டேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முட்டுவலி சீக்கிரம் படியிறங்கிப் போகட்டும்.

இப்படிக்கு,
ஆறுமுகநயினார்

பி.கு.: பார்சலில் இருப்பது அந்த அரக்கு வெல்வெட்தான். ஜரிகை வீணாகக் கூடாதென்று, மிச்சத் துணியையும் சேர்த்து மகாராஜனுக்கு முதுகுப் போர்வை தைத்துவிட்டேன். நீங்கள் வாங்கியது போலச் செல்வி பெயருக்குத் திருப்பி அனுப்பவும். சுற்றிலும் இரண்டு இஞ்ச் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். குதிரைக்கு ஆறு வயதுதானே ஆகிறது.