ரோஸ் நிறக் கூப்பன்

அவள் முகத்தில் அப்படி என்ன வெளிச்சம்? இத்தனை வருஷம் நம் கடைக்கு வந்தவள்தானே. ஒருநாளாவது இப்படிச் சிரித்துக்கொண்டே படியிறங்கியிருக்கிறாளா?

சுபலட்சுமி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் பார்லரின் பச்சைத் திரையை ஒரு விரலால் விலக்கி, எதிர்க்கடையிலிருந்து இறங்கிய ராமக்காளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சீப்பு தன் உள்ளங்கையைக் கீறுவது அவளுக்குத் தெரியவில்லை.

ராமக்காள், வீட்டுக்காரர் வழியில் மதினி முறை. ஆவணியில் அவள் மகளுக்கு உசிலம்பட்டியில் கல்யாணம். மணப்பெண் அலங்காரம் தனக்குத்தான் என்று சுபா தானாகவே முடிவு செய்து, புது மேக்கப் பெட்டியும் வாங்கி வைத்துவிட்டாள். ராமக்காள்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு முன்பு அதே ராமக்காள் இந்தக் கடைக்குத்தான் வந்தாள். ரோஸ் நிறக் கூப்பன் ஒன்றை நீட்டினாள். போன தீபாவளிக்குச் சுபா அச்சடித்தது. ‘அன்பளிப்புக் கூப்பன். ஒரு பேஷியல்.’

"மதினி, இது பொங்கலோட முடிஞ்சு போச்சே."

"காகிதம் நல்லாத்தான இருக்கு?"

"காகிதம் நல்லாருக்கு. தேதிதான் போச்சு. உங்களுக்குச் செஞ்சா அப்புறம் எல்லாரும் கேப்பாக."

ராமக்காள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அதை விழுங்கிக்கொண்டு, "சரித்தா, ஒங்க வீட்டுக் காகிதம், ஒங்க இஷ்டம்," என்று சாலையைத் தாண்டி நேராக எதிர்க்கடைக்காரி பிருந்தாவின் பார்லருக்குள் போய்விட்டாள்.

அந்த வாரத்தில் இப்படித் திருப்பி அனுப்பிய நாலாவது ஆள் அவள். முதல் ஆளைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது கணவன் ஜெயபாண்டிக்குப் புரையேறியது. மனைவியின் தொழிலில் அவனுக்கு இவ்வளவு அக்கறையா என்று சுபா நெகிழ்ந்துகூடப் போனாள்.

"செல்லாத கூப்பன அந்தப் பிருந்தா வாங்கிக்கிட்டா பாத்தியா," என்றாள் இப்போது, புருவம் திருத்தும் பாண்டியம்மாளிடம்.

"வாங்கட்டுமே. நமக்கு ஒரு பேஷியல் மிச்சம்."

அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அது சுபாவுக்குப் பிடிக்கவில்லை. பிருந்தாவும் சுபாவும் ஒன்றாகத்தான் தொழில் படித்தார்கள். சுபா பொன்மேனியில் கடை போட்டுப் பல வருஷம் கழித்து, எதிரிலேயே ஏசியும் கண்ணாடிக் கதவும் சுழல் நாற்காலியுமாக வந்து உட்கார்ந்தவள் பிருந்தா. அந்த நாற்காலி சுற்றும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து சுபாவின் பார்வையும் கூடவே சுற்றியது.

மறுநாள் வாசலில் பலகை வைத்தாள். ‘தேதி முடிந்த கூப்பன்கள் இங்கேயே ஏற்கப்படும். புருவம் இலவசம்.’

கூட்டம் வந்தது. டி.கல்லுப்பட்டியிலிருந்து, சோழவந்தானிலிருந்து, பஸ் பிடித்து வந்தது. எல்லார் கையிலும் ரோஸ் நிறம். காசு கொடுத்துச் செய்துகொள்கிறவர்களுக்கு உட்கார இடமில்லை. வெயிலில் நின்று பார்த்துவிட்டு, அவர்கள் ஒவ்வொருவராகச் சாலையைத் தாண்டினார்கள்.

"பாண்டியம்மா, நான் வித்ததே பத்துப் பதினஞ்சுதான். இம்புட்டு எங்கிட்டிருந்து வருது?"

"மிச்சத்த என்ன செஞ்ச?"

"மிச்சத்த எடைக்குப் போடச் சொல்லி அப்பவே அவருகிட்டக் குடுத்துட்டேனே."

போட்டுவிட்டதாக ஜெயபாண்டி சொன்னான். நாலு காசு வரும் என்றால் அவன் போடாமல் இருப்பானா? பற்பசைக் குழாயைக் கத்தரித்து, விரலால் வழித்துப் பல் துலக்குகிறவன். அப்படியானால் ஒன்றே ஒன்றுதான். பிருந்தா கள்ளக் கூப்பன் அடித்திருக்கிறாள்.

பலகையை எடுத்து உள்ளே வைத்த சுபா, பாண்டியம்மாளிடம் ஒரு கூப்பனைக் கொடுத்து உளவு பார்க்க அனுப்பினாள். போனவள் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். கன்னம் பளபளத்தது.

"என்ன பாத்த?"

"கண்ண மூடச் சொன்னாக. மூடிட்டேன்."

"உளவு பாக்கப் போயி கண்ண மூடுனியா?"

"அம்புட்டுச் சொகமா இருந்துச்சு சுபா. அப்பறம்..." பாண்டியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "தொறந்து பாத்தா ஒன் வீட்டுக்காரரு. அந்தச் சுத்துற நாக்காலில. பிருந்தாவுக்கு ஜிகர்தண்டா வாங்கிட்டு வந்திருந்தாரு."

சுபா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஜிகர்தண்டாவில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிக்க வைத்த மனிதன். இன்னொருத்திக்கு முழுசாக ஒன்று! அவன் அங்கே போனது வலிக்கிறதா, அந்த நாற்காலியில் உட்கார்ந்தது வலிக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். விடை வருவதற்குள் பயந்துபோய்க் கேள்வியை மூடிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கேட்டாள். "எதிர்க்கடைக்கு எதுக்குப் போனீக?"

"அதுவா... ஃபியூஸ் போச்சுன்னு கூப்பிட்டாக."

"ஃபியூஸ் போன கடைக்கு எதுக்கு ஜிகர்தண்டா?"

ஜெயபாண்டி கொஞ்சம் யோசித்தான். "ஃபியூஸ் போனா ஏசி ஓடாதுல்ல. வெக்கை."

பதில் சரியாகத்தான் பொருந்தியது. இவ்வளவு சரியாகப் பொய் சொல்ல அவனுக்கு எங்கே பழக்கம்? முகூர்த்த நாளெல்லாம் தான் மணப்பெண்களோடு கிடக்க, விசேஷ வீடுகளுக்குத் தனியாகப் போய் வருகிறானே, அங்கே எல்லாம் அந்தப் பிருந்தாவும் வந்தாளோ? பிருந்தாவின் மல்லிகைப்பூ, பிருந்தாவின் மெல்லிய இடுப்பு என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் சுபா புரண்டு படுத்தாள்.

மறுநாள் உச்சி வெயிலில், ஸ்கூட்டரில் போகும் பெண்களைப் போல முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய எதிர்க்கடைக்குள் நுழைந்தாள். கூப்பனை நீட்டினாள். பிருந்தா சிரித்து வரவேற்றுச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தாள். அது தன்னை மெல்ல உள்வாங்கிக்கொண்டதில் சுபாவுக்குக் கண் கலங்கியது. எவ்வளவு மெத்தை!

"துப்பட்டாவ எடுத்துருங்க மேடம்."

"இருக்கட்டும்."

"மூடிக்கிட்டு பேஷியல் எப்படிப் பண்றது?"

"தெரியிற எடத்துல மட்டும் பண்ணுங்க."

பிருந்தா திகைத்து நின்றபோது, மேசையின் மேல் ரப்பர் பேண்டு போட்ட செங்கல் கனத்துக்கு ரோஸ் நிறக் கட்டு ஒன்று சுபாவின் கண்ணில் பட்டது. அதற்கு மேல் தாங்கவில்லை. துப்பட்டாவை உருவினாள்.

"கள்ளக் கூப்பன் அடிச்சு என் கடைய மூடப் பாக்குறியா? அது பத்தாதுன்னு என் புருஷனையும் கூப்பிட்டு நாக்காலில சுத்த விடுறியா?"

"ஐயோ சுபாக்கா! அப்படியெல்லாம் இல்லக்கா. அண்ணே உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு..."

"எதச் சொல்லக் கூடாதுன்னாரு?"

பிருந்தா கையைப் பிசைந்தாள். பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க முல்தானி மெட்டி பூசிப் படுத்திருந்த உருவம் ஒரு கண்ணைத் திறந்தது.

"மெதுவாப் பேசு சுபா. நான் சிரிச்சா இது வெடிச்சுப் போகும்."

ராமக்காள்.

"வந்ததும் நல்லதாப் போச்சு," என்றாள் உதடு அசையாமல். "அலங்காரத்த நீயே வந்து எம்புள்ளைக்குப் பண்ணிவிடு. நான் கேட்டுக்கிறேன். ஆனா மொய்க் கவர மட்டும் ஒன் வீட்டுக்காரர் கையில குடுத்துவிடாத தாயி. எங்க வீட்டுக் காதுகுத்துக்கு அவரு கவருக்குள்ள வச்சுக் குடுத்தது இந்தக் கூப்பனத்தான். சொந்தத்துல முக்காவாசிப் பேருக்கும் இதான் மொய். ஒன் கடைக்கு வந்தா ஒனக்குத் தெரிஞ்சிரும்னுதான், இங்கேயே வாங்கிக்கச் சொல்லி இந்தப் புள்ளகிட்டக் கெஞ்சிக்கிட்டுக் கெடக்காரு."



சுபா துப்பட்டாவை எடுத்தாள். நெற்றி, காது, மூக்கு என்று முன்னைவிட நிதானமாக, இறுக்கமாகச் சுற்றிக்கொண்டாள்.

"வேணாம் மதினி," என்றாள் மெல்ல. "பிருந்தாவே பண்ணட்டும். அவளுக்குக் கை நல்லா வருது."