ஊதாக்காரரின் மஞ்சள் குப்பி

குப்பி மஞ்சளாக இருந்தது.

ஊதாக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மஞ்சள்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். அங்கே இன்னும் நன்றாக மஞ்சளாக இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. ஆட்டோகிளேவ் என்கிற அந்த இரும்பு அண்டா தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க, தினமும் சுண்டுவிரல் அளவில் ஒரு குப்பியையும் கருவிப் பொட்டலங்களோடு உள்ளே வைப்பார். குப்பிக்குள் யாருக்கும் நோய் தராத, ஆனால் லேசில் சாகாத ஒரு கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். ஆவியில் வெந்து வந்த பிறகு குப்பியைச் சூட்டுப்பெட்டிக்குள் ஒரு நாள் கதகதப்பாக வைக்க வேண்டும். கிருமி செத்திருந்தால் குப்பி ஊதாவாகவே இருக்கும். ஒன்றிரண்டு பிழைத்திருந்தால், அந்தக் கதகதப்பில் கண்விழித்துப் பெருகிக் குப்பியை மஞ்சளாக்கிவிடும்.

இவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒரு குப்பிகூட மஞ்சளானதில்லை. அதனால்தான் ஊதாக்காரர் என்ற பெயர். தலைமை நர்ஸ் கிண்டலாகத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். மனிதரோ அதை மேடையில் வாங்கிய பட்டம்போலச் சுமந்துகொண்டு திரிந்தார். அவரிடம் ஊதாவில் நாலு சட்டைகள் இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளானால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. முதல் வரியே 'உடனே தலைமை நர்ஸிடம் சொல்லவும்' என்பதுதான். ஒட்டியவரும் ஊதாக்காரர்தான்.

சொல்லியும் இருப்பார். ஆனால் நேற்று அந்தக் குப்பியோடு வெந்த கத்தி யார் வயிற்றில் இறங்கியது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சம்பந்தியம்மா!

அவருடைய மகளின் மாமியார். பித்தப்பையில் கல். அந்த அம்மாள் வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் இருந்தார். இவர்தான் சும்மா இருக்காமல், "எதுக்கு சம்பந்தியம்மா அலையுறீங்க? எங்க கத்தியில சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். நான் இருக்கேன்ல?" என்று மார்தட்டிக் கூட்டிவந்தார். மகள் தனியாக இழுத்துப்போய், "அப்பா, ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா காலம் பூரா என் தலைதான் உருளும்" என்று எச்சரித்தும் இருந்தாள்.

முதலில் உறுதி செய்துகொள்வோம், பிறகு சொல்வோம் என்று ஊதாக்காரர் தீர்மானித்தார். தப்பு செய்யப்போகிற எல்லோரும் எடுக்கிற தீர்மானம் அது.

உறுதி செய்ய இன்னொரு குப்பியை வேகவைத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கான பதில் நாளைக்குத்தான் வரும். அதுவரை, நேற்று வெந்ததில் மிச்சமிருக்கும் பொட்டலங்களை யாரும் பிரிக்காமல் இருக்க வேண்டும். தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார்.

தியேட்டர் நர்ஸ் விநோதமாகப் பார்த்தாள். "என்ன சார், குடுத்ததையெல்லாம் திருப்பி எடுக்குறீங்க?"

"துணி சரியில்லம்மா. வேற துணியில கட்டணும்."

"துணிக்கு என்ன?"

"கலர் பிடிக்கல."

"ஆஸ்பத்திரி பூரா இந்தக் கலர்தானே சார்?"

"அதான் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினார். நல்லவேளையாக ஒரே ஒரு பொட்டலம்தான் குறைந்தது. அது சம்பந்தியம்மாவுக்குப் பிரித்தது. மற்றவை கட்டு கலையாமல் இருந்தன. இதை நினைத்து அவர் கொஞ்சம் மூச்சு விட்டார்.

விட்ட மூச்சு அறைக்குள் வந்து சேர்வதற்குள் போன் அடித்தது. சர்ஜன்.

"யோவ் ஊதா! தியேட்டர்ல ஆளப் படுக்கப் போட்டுட்டு நிக்கிறேன். ஒரு இடுக்கிகூட இல்ல. நகத்தால கிள்ளியா எடுக்கச் சொல்றே?"

"இதோ டாக்டர். சூடா தர்றேன்."

"டிபனா கேட்டேன்? சீக்கிரம் அனுப்பு!"

அவசரத்தில் எல்லாப் பொட்டலங்களையும் அண்டாவுக்குள் அடுக்கினார். அடுக்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கடைசி பஸ்ஸில் கண்டக்டர் ஆள் ஏற்றுவதுபோல, உள்ளே தள்ளி, தோளால் முட்டி, கதவைச் சாத்தினார். எப்போதும் அப்படித்தான் செய்வார். ஒரே ஈட்டில் எல்லாம் முடிந்துவிடும் என்பது அவருடைய கைத்திறமை.

அண்டா சூடேறுவதற்குள் சம்பந்தியம்மாவை ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று வார்டுக்குப் போனார். காய்ச்சல் இல்லையென்றால் கிருமி ஏறவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

சம்பந்தியம்மா தலையணையில் சாய்ந்து தெம்பாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணா. காலங்காத்தால வந்துட்டீங்க?"

"சும்மாதான். உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குளிருதா? நடுங்குதா? எதுவானாலும் மறைக்காதீங்க."

சம்பந்தியம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஏண்ணா? குளிரணுமா?"

"அய்யய்யோ, குளிரக் கூடாது!" என்று பதறியவர், தன்னை மறந்து அந்த அம்மாளின் நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டார். இத்தனை வருட சம்பந்தத்தில் வணக்கத்துக்கு மேல் அவர் கை உயர்ந்ததில்லை. சம்பந்தியம்மா வெலவெலத்துப் போனார்.

ஊதாக்காரர் வார்டு நர்ஸைப் பார்த்து, "இவங்களுக்கு அடிக்கடி காய்ச்சல் பாருங்கம்மா. எவ்வளவு இருந்தாலும் எனக்கு உடனே சொல்லணும். இவங்ககிட்ட சொல்ல வேண்டாம்" என்று கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசு பக்கத்து வார்டு வரை கேட்கும். ஆட்டோகிளேவ் சத்தத்திலேயே வேலை செய்த தொண்டை.

"அண்ணா," சம்பந்தியம்மாவின் குரல் உடைந்தது. "நீங்க பொய் சொல்றவர் இல்ல. எனக்கு என்ன வந்திருக்கு? வெறும் கல்லு இல்லையா?"

"கல்லுதான். ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமே இல்ல, சம்பந்தியம்மா. தைரியமா இருங்க."

இதைவிடக் கெட்ட செய்தியை எந்த டாக்டரும் அந்த அம்மாளுக்குச் சொல்லியிருக்க முடியாது. அவர் கதவைத் தாண்டுவதற்குள் பின்னால் அழுகை கேட்டது.

அறைக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் மனைவியின் போன் வந்தது.

"ஏங்க, உங்களுக்கு வாயில சனியா? சம்பந்தியம்மாகிட்ட என்ன சொல்லித் தொலைச்சீங்க? மாப்பிள்ளைக்கு போன் பண்ணி, பீரோ சாவி எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்களாம். மாப்பிள்ளை ஆபீஸ்லயே உக்காந்து அழறாராம்!"

"நான் தைரியமா இருங்கன்னுதான் சொன்னேன்."

"உங்கள யாரு அதெல்லாம் சொல்லச் சொன்னது? சாகப்போற ஆளுகிட்டதாங்க அப்படிச் சொல்லுவாங்க!"

அவர் பதில் சொல்வதற்குள் மகள் மூச்சிரைக்க வந்து நின்றாள். நேராக வார்டிலிருந்து வருகிறாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. அத்தைக்கு எத்தனை நாள்?"

"நாளுமில்ல ஒண்ணுமில்ல. யாரும்மா உனக்குச் சொன்னது?"

"அத்தை என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'உன்னை நான் ரொம்பப் படுத்திட்டேன், மன்னிச்சிடும்மா'ன்னாங்கப்பா." அவளுக்கு அழுகை பொங்கியது. "அவங்க வாயிலருந்து அது வரணும்னா, இன்னிக்கு ராத்திரி தாங்குமா?"

அந்த நேரம் பார்த்து வார்டு நர்ஸ் ஓடிவந்தாள்.

"சார், உடனே சொல்லச் சொன்னீங்கள்ல? காய்ச்சல். நூத்திமூணு!"

அவ்வளவுதான். தன் பெருமை, தன் பட்டம், அடுத்த வாரம் வரப்போகிற ஆய்வுக்குழு எதுவும் அப்போது ஊதாக்காரர் மனதில் இல்லை. வாய் ஓயாமல் பேசும் அந்த அம்மாளைத் தானே கூட்டிவந்து கொன்றுவிட்டோமே என்ற ஒரே நினைப்புதான். மஞ்சள் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமை நர்ஸின் அறைக்கு ஓடினார். அங்கே சர்ஜனும், கருவி வந்து சேராமல் நோயாளியைத் திருப்பி அனுப்பிவிட்ட கோபத்தில், நின்றுகொண்டிருந்தார்.

"சிஸ்டர், என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுங்க" என்று ஆரம்பித்து, காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினார்.

தலைமை நர்ஸ் குப்பியை வாங்கிப் பார்த்தார். சர்ஜன் நேராக வார்டுக்கு நடந்தார். மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

சர்ஜன் சம்பந்தியம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கட்டைப் பிரித்துக் காயத்தைப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு மேஜைமேல் ஆவி பறந்துகொண்டிருந்த டம்ளரைப் பார்த்தார்.

"அம்மா, காய்ச்சல் பாக்குறதுக்கு முன்னாடி என்ன குடிச்சீங்க?"

"டீ டாக்டர். கடைசியா ஒரு வாய் சூடாக் குடிச்சுக்கலாம்னு..."

சர்ஜன் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தார். காய்ச்சல் இல்லை. காயமும் சுத்தமாக இருந்தது.

"எதுக்கும் மருந்தை மாத்தித் தர்றேன். ஒரு வாரம் இங்கயே இருங்க, நானே தினம் வந்து பாக்குறேன். நீங்க நல்லா இருக்கீங்க" என்றார்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்ல."

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். "நான் சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. மயக்க மருந்து இன்னும் தெளியல" என்றார்.

மகள் சந்தோஷத்தில் தன் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

தலைமை நர்ஸ் விடவில்லை. சர்ஜனையும் ஊதாக்காரரையும் கூட்டிக்கொண்டு அண்டா முன்னால் வந்து நின்றார். அவர் கதவைத் திறந்ததும் ஒரு பொட்டலம் காலடியில் விழுந்தது.

"என்ன இது? மூட்டை மாதிரி திணிச்சு வெச்சிருக்கீங்க? நடுவுல ஆவி எந்த வழியா போகும்? நடுவுல இருக்கிற கிருமி எப்படிச் சாகும்?"

"எப்பவும் இப்படித்தானே சிஸ்டர் வெப்பேன்? ஒரு நாளும் மஞ்சள் வந்ததில்லையே!"

"அப்ப நேத்து மட்டும் ஏன் வந்துச்சு?"

ஊதாக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது போலிருக்கிறது, சர்ஜன் தோளில் தட்டினார்.

"விடுங்க. ஆனைக்கும் அடி சறுக்கும். இத்தனை வருஷத்துல ஒரே ஒரு குப்பிதானே? இனிமே பாதி பாதியா வெச்சு எடுங்க, சரியாப் போகும். என் குடல்வால இங்கதானே எடுத்தாங்க? உங்க ஊதாவ நம்பித்தானேய்யா நிம்மதியாப் படுத்தேன்?"

"எனக்குக் கர்ப்பப்பையே இங்கதான் எடுத்தாங்க" என்றார் தலைமை நர்ஸ், குரல் இறங்கி. "வேற எங்கயும் போறதுக்கு எனக்கு மனசு வரல."

"என் குடலிறக்கமும் இங்கதான் சிஸ்டர்" என்றார் ஊதாக்காரர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினார்.

ஆய்வுக்குழு வரப்போகிறது என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பழுது பார்த்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன், தோளில் ஏணியோடு வாசலில் எட்டிப் பார்த்தான்.

"சார், அந்தச் சூட்டுப்பெட்டி இப்ப நல்லா சுடுதா? வெளிய விளக்கு மட்டும்தான் எரிஞ்சிருக்கு, உள்ள சூடாகுற கம்பிக்கு வாங்கின நாள்லருந்தே யாரும் கனெக்‌ஷன் குடுக்கல, கம்பெனி சுத்தின பிளாஸ்டிக் பேப்பர்கூட அப்படியே இருந்துச்சு. நேத்து நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப நான்தான் பிரிச்சு மாட்டி விட்டேன்."