தோ, பா, தாரா, நாரா

மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறியது. 'மழை வந்தால்', 'நீ சொன்னால்', 'பொத்தானை அழுத்தினால்' என்று தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஆல்' போதும். ஜப்பான்காரர்களுக்கு நாலு வேண்டுமாம். தோ, பா, தாரா, நாரா! முதலாவது நாயைக் கூப்பிடுவது போல இருந்தது. மூன்றாவதோ எதையும் தராது என்பது போல.

தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து இயந்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. மாதக் கடைசியில் மொழித் தேர்வில் தேறினால்தான் அவற்றைத் தொடவே விடுவார்கள். அதனால் ஞாயிறுதோறும் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனில் பாடத்தைச் சத்தமாக ஓடவிட்டு, புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துப் 'படிப்பார்'. பாடம் போடும் சத்தத்தில் குறட்டை வெளியே கேட்காது.

சமையலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஊர் இயந்திரத்தையெல்லாம் ஓட வைப்பவருக்கு வீட்டுக் குழாய் மட்டும் கண்ணில் படவில்லை.

அன்று அவர் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"என்னங்க, மறுபடியும் வாளி நிரம்பிடுச்சு. நேரம் இருந்தா குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்."

"படிக்கிற மனுஷனை ஏன் இப்படிப் பிடுங்குறே?" சட்டென்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. இந்தத் தொல்லைக்கு இன்றோடு முழுக்கு! "ஒண்ணு செய். அந்த 'நேரம் இருந்தா'வை ஜப்பான் பாஷையில சொல்லு. அந்த நிமிஷமே எழுந்து வரேன்."

அவள் விரலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்தபடியே, குழாயையும் சேர்த்தே சொன்னாள்:

"ஜிகன் கா அரு நாரா, ஜாகுச்சி ஓ நவோஷிதே குடசாய்."

மெக்கானிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"தப்பு! அங்க 'தோ' வரணும்!" குத்துமதிப்பாக அடித்துவிட்டார்.

"வராதுங்க. ஒண்ணு நடந்தா இன்னொண்ணு தப்பாம நடக்கும்னாதான் 'தோ'. அதைப் போட்டுட்டு 'இதைச் செய்யுங்க'ன்னு யாரையும் கேட்க முடியாது. உதாரணம் வேணுமா? ஹோன் ஓ யொமு தோ, நெமுகு நாரு."

"அப்படின்னா?"

"புத்தகம் படிச்சா தூக்கம் வரும்."

மெக்கானிக்கின் காது மடல் சிவந்தது. "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"உங்க ஃபோன்தான். நாலு ஞாயிறா தொண்டை கிழியக் கத்துது. வீட்டுல ஒருத்தராவது கேட்க வேண்டாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு போனார். குழாயை மாற்றி முடித்தபோது சட்டை தொப்பலாகியிருந்தது. தேர்வுக்கு ஒன்பதே நாள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கேட்டார்:

"எனக்கும் கொஞ்சம் சொல்லித் தரயா?"

"அதுக்கென்ன? சோபாவுல கிடக்கிற துணியையெல்லாம் மடிச்சு வச்சா சொல்லித் தரேன்."

"இந்த 'வச்சா' நாலுல எது?"

"'தாரா'. முதல் வேலை முடியணும். அப்புறம்தான் அடுத்தது."

துணிக் குவியல் ஆளுயரம் இருந்தது.

"அப்போ 'பா'வுக்கு?" என்றார் ஈனக்குரலில்.

"பரணை ஒழிக்கணும்."